நூற்றேழாம் கோடு

1

வருகிற வாரத்தோடு நான் மேற்கு ஜெர்மனிக்கு வந்து எட்டு வருஷம் முடிகிறது. எழுபத்தாறில் கோவில்பட்டி ஸ்டேஷனில் ரயிலேறியபோது என்னிடம் இருந்தவை வேதியியலில் ஒரு முனைவர் பட்டமும், இரண்டு வருஷத்துக்கு ஆராய்ச்சி உதவித்தொகை தருவதாகச் சொன்ன ஒரு கடிதமும்தான். கையைப் பிடித்தபடி ஆறு வயது மகள் ரீட்டா நின்றாள். என் கணவர் ஆறு மாதம் கழித்து வந்து சேர்ந்தார். இரண்டு வருஷம் நான்காகி, ஆறாகி, இப்போது எட்டு.

வருஷம் தவறாமல் அயல்நாட்டார் அலுவலகத்தில் வரிசையில் நிற்கிறேன். அவர்கள் தரும் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: இந்த வேலையை ஒரு ஜெர்மானியரால் செய்ய முடியாதா? ஏழு வருஷமும் எங்கள் ஆய்வுக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த பதிலையே பார்த்து எழுதினேன். இந்த வருஷம்தான் நானாக ஒரு பதில் எழுதினேன்: 'ஒரு ஜெர்மானியரால் முடியுமா என்று நான் பார்த்ததில்லை; என்னால் முடியும் என்று பார்த்திருக்கிறேன்.' அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று ஊரில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று கை பரபரக்கிறது.

பிப்ரவரியில் சுங்க அலுவலகத்திலிருந்து ஒரு சீட்டு வந்தது. இந்தியாவிலிருந்து பார்சல் வந்திருக்கிறது, நேரில் வந்து விளக்கம் தரவும். என் அலுவலக ஜெர்மன் எப்போதும் நடுங்கும். அதனால் ரீட்டாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு இப்போது பதினாலு வயது. கனவு காண்பதே ஜெர்மனில்தான் என்று சொல்கிறாள்.

மீசைக்கார அதிகாரி பார்சலைப் பிரித்தார். தமிழ் செய்தித்தாள் சுற்றிய இரண்டு கறுப்பு ரப்பர் குழல்கள். கட்டைவிரல் நுழையும் அகலம், இரண்டு அங்குலம்கூட நீளமில்லை. ஒன்றில் சிவப்பு நூல் கட்டியிருந்தது.

"இது என்ன?" என்றார்.

ஜெர்மனில் ரப்பருக்கு 'கும்மி' என்று பெயர். நம் ஊர்க் கும்மிதான் நினைவுக்கு வரும், அதனால் மறக்கவே மறக்காது. பன்மைக்கு ஒரு 'ஸ்' சேர்த்து, கம்பீரமாகச் சொன்னேன்: "இரண்டு கும்மிஸ். என் அண்ணன் அனுப்பியிருக்கிறார். ஒன்று புதியது, ஒன்று பயன்படுத்தியது."

அதிகாரியின் மீசை ஆடியது. பக்கத்து மேஜைக்காரர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். ரீட்டாவின் முகம் செம்பருத்தி நிறத்துக்கு வந்துவிட்டது. கடைசியில் ஒட்டிய அந்த 'ஸ்' அர்த்தத்தையே மாற்றிவிடுமாம். நம் ஊரில் குடும்பக் கட்டுப்பாட்டுக்குச் சிவப்பு முக்கோணம் போட்டுச் சுவரில் விளம்பரம் எழுதுவார்களே, அந்தப் பொருளைத்தான் நான் அண்ணனிடமிருந்து, அதுவும் பயன்படுத்தியதை, வரவழைத்திருக்கிறேன்.

வெளியே வந்து பஸ் நிறுத்தம்வரை ரீட்டா எனக்குப் பத்தடி முன்னால் நடந்தாள். "இனிமேல் எங்கேயும் உன்கூட வர மாட்டேன்" என்று ஜெர்மனில் சொன்னாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

2

பார்சலுக்குள் ஒரு கடிதம் இருந்தது. என் அண்ணன் சூசை எழுதியது. கோவில்பட்டியில் ஒரு நூற்பாலையில் பதினெட்டு வருஷமாக சைடர் வேலை பார்க்கிறான். ரிங் ஃபிரேம் என்ற நூற்கும் இயந்திரத்தின் ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறவர் சைடர். அந்தப் பக்கத்தில் எந்த இழை அறுந்தாலும் ஓடிப்போய் ஒட்ட வேண்டும். எங்கள் சொந்த ஊரான பசுவந்தனையில் மழை பொய்த்து, எங்கள் கரிசல் நிலம் இரண்டு வருஷம் சும்மா வெடித்துக் கிடந்தபோது மில்லுக்குப் போனவன். முதல் நாள் வேலை முடிந்து புருவமெல்லாம் பஞ்சோடு வந்து நின்ற அவனைப் பார்த்து நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அவனும் சிரித்தான்.

கடிதத்தில் சிரிப்பு இல்லை.

"ஏட்டி பிலோ, எனக்கு மூணாவது மெமோவும் குடுத்துட்டாவ. என் பக்கத்துல இழை ரொம்ப அறுந்துபோகுதாம். நான் வேலையில கவனமா இல்லையாம். ரோலர்ல மாட்டுத ரப்பர் தீபாவளி கழிஞ்சு புதுசா மாத்துனாவ. அதுலருந்துதான் இந்தப் பாடு. பஞ்சு ரோலரைச் சுத்திக்கிடுது, இழை அறுந்துக்கிட்டே கெடக்கு. ரப்பரு சரியில்லன்னு சொன்னா, பழசும் புதுசும் ஒரே சரக்குதான், வித்தவுக பேப்பர் இருக்கு, ஒனக்குத்தான் கை ஓடலன்னு சொல்லுதாவ. அடுத்து என்கொயரி வைக்கப்போறாவ. நீ ரப்பரையெல்லாம் எடை போட்டுப் பாக்குத மிஷின்ல வேலை பாக்கேன்னு சொன்னியே. சிவப்பு நூல் கட்டுனது பழசு, மத்தது புதுசு. ரெண்டும் ஒண்ணுதானான்னு பாத்துச் சொல்லு."

வந்த எட்டு வருஷத்தில் ஊரிலிருந்து பலரும் பலதும் கேட்டிருக்கிறார்கள். கடிகாரம், கேமரா, சென்ட் பாட்டில். என் வேலையைக் கேட்டவன் அண்ணன் ஒருவன்தான். கடிதத்தை மடிக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே கையில் பிடித்துக்கொண்டு அடுத்த நாள் ஹெல்கா முன்னால் போய் நின்றேன்.

3

ஹெல்கா எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் பொறுப்பானவர். ஐம்பது வயது, குதிகால் செருப்பு சத்தம் கேட்டாலே நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். சொந்த விஷயத்துக்கு இயந்திரத்தைக் கேட்பது தப்பு என்று தெரியும். ஆனாலும் கேட்டேன்.

அவர் ரப்பர் குழலை விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்தார். "கந்தகம் சேர்த்து வேகவைத்த ரப்பர். எதிலும் கரையாது. கரையாததை இந்தக் கட்டடத்தில் வேறு எந்தக் கருவியும் தொடாது. உன் கருவி மட்டும்தான் தொடும்" என்றார். கொஞ்சம் யோசித்து, "சனிக்கிழமை காலையில் அது சும்மாதான் இருக்கிறது. எனக்கும் பார்க்க ஆசையாக இருக்கிறது" என்றார்.

கருவிக்குப் பெயர் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். ஒரு அறையையே அடைத்துக்கொண்டு நிற்கும். மூலக்கூறுகளை எடை போடும் தராசு என்று வைத்துக்கொள்ளுங்கள். பொருளைக் கடுகில் கால்வாசி கத்தரித்து, காற்றே இல்லாத உள்ளறைக்குள் வைத்துச் சூடேற்றுவோம். ரப்பரின் நீளச் சங்கிலிகள் அறுந்து துண்டு துண்டாகப் பறக்கும். அந்தத் துண்டுகளை எலெக்ட்ரானால் அடித்து, மின்னூட்டம் ஏற்றி, ஒரு பெரிய காந்தத்தின் நடுவே ஓடவிடுவோம். எடை குறைந்தது அதிகம் வளையும், கூடியது குறைவாக வளையும். எந்த எடையில் எவ்வளவு வந்தது என்பது ஒளி பட்டால் கறுக்கும் காகிதத்தில் கோடு கோடாக விழும். உயரமான கோடு என்றால் அந்த எடையில் நிறையத் துண்டுகள் என்று அர்த்தம்.

அண்ணனுடைய ரோலர் ரப்பர் ஒரு கோபாலிமர். அதாவது இரண்டு வகை மூலக்கூறுகளைக் கலந்து கோத்த சங்கிலி. ஒன்று பியூட்டடையீன், எடை ஐம்பத்து நான்கு. ரப்பருக்கு இழுத்தால் மீளும் குணம் தருவது இது. மற்றது அக்ரிலோநைட்ரைல், எடை ஐம்பத்து மூன்று. எண்ணெய் பட்டு ஊறிப்போகாமல் காப்பது இது. இரண்டும் ஒரே சங்கிலியில் அடுத்தடுத்து வர வேண்டும். வெறும் பியூட்டடையீன் சங்கிலியைத் தனியாக எடுத்து, அக்ரிலோநைட்ரைல் கூடுதலாக உள்ள வேறொன்றோடு பிசைந்து விற்றாலும் வெளிப்பார்வைக்கு அதே கறுப்பு, அதே குழல். மொத்தமாக அளந்தால் விகிதம்கூடச் சரியாக இருக்கலாம். உள்ளே யார் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

அதைக் கண்டுபிடிக்க, இரண்டிரண்டாகச் சேர்ந்து அறுந்து வரும் துண்டுகளைத் தேட வேண்டும். பியூட்டடையீன் இரண்டு சேர்ந்தால் நூற்றெட்டு. அக்ரிலோநைட்ரைல் இரண்டு சேர்ந்தால் நூற்றாறு. ஒன்றும் ஒன்றும் பக்கத்தில் இருந்திருந்தால் நூற்றேழு. அந்த நூற்றேழுதான் எனக்கு வேண்டும்.

சனிக்கிழமை ரீட்டாவும் வந்தாள். மத்தியானம் அவளுக்குச் செருப்பு வாங்கப் போகவேண்டியிருந்தது, அதனால். ஒரு நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, காகிதத்தில் விழுந்த கோடுகளை எண்ணி உரக்கச் சொன்னாள். நான் எழுதினேன். ஜெர்மனில் ஐம்பத்து நான்கை 'நான்கும் ஐம்பதும்' என்று திருப்பித்தான் சொல்வார்கள். எட்டு வருஷமாகியும் என் கை நான்கை முதலில் எழுதிவிட்டது. நாற்பத்தைந்து!

"அம்மா, அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. நீ எல்லாவற்றையும் திருப்பி எழுதியிருக்கிறாய்" என்றாள். நோட்டைப் பிடுங்கித் தானே எழுத ஆரம்பித்தாள். பிழை கண்டுபிடித்த சந்தோஷத்தில் சுங்க அலுவலகக் கோபம் கொஞ்சம் தணிந்த மாதிரி தெரிந்தது.

இரண்டு ரப்பரையும் ஓட்டி முடித்தபோது பதினொரு மணி. காகிதங்களை மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். பழையதில் நூற்றேழு உயரமாக நின்றது. புதியதிலும் கிட்டத்தட்ட அதே உயரத்தில் நின்றது.

ஹெல்கா கண்ணாடியைக் கழற்றினார். "இரண்டும் ஒன்றுதான் போலிருக்கிறது, பிலோமினா."

அப்படியானால் அண்ணனுக்குத்தான் கை ஓடவில்லையா?

4

அடுத்த நான்கு நாட்கள் டிராமில் போகும்போதும் வரும்போதும், சோறு வடிக்கும்போதும் அந்த இரண்டு காகிதங்களும் கண்முன்னே தொங்கின. வியாழக்கிழமை காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது திடீரென்று கை நின்றுவிட்டது.

ரப்பர் வெயிலில் வெடிக்காமலிருக்க ஃபீனால் வகைப் பொருள் ஒன்றைக் கொஞ்சம் சேர்ப்பது வழக்கம். அந்தப் பொருளைக் கடுமையாக அடித்தால் ஒரு சில்லு தெறிக்கும். அந்தச் சில்லின் எடையும் நூற்றேழு! நான் பார்த்த நூற்றேழு, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்த ஜோடியா, இல்லை தெறித்த சில்லா?

நாங்கள் எப்போதும் எலெக்ட்ரானுக்கு எழுபது வோல்ட் முடுக்கம் கொடுத்து அடிப்போம். எல்லா ஆய்வுக்கூடத்திலும் அதுதான் பழக்கம். அந்த அடியில் பாதித் துண்டுகள் மேலும் உடைந்து, யாருடைய சில்லு எது என்று தெரியாமல் ஒரே குப்பை. அடியைக் குறைத்தால்? சில்லு தெறிக்காது. முழுத் துண்டு முழுசாகவே வரும். அப்படி வரும்போது இன்னொரு சௌகரியமும் உண்டு. எடை ஒற்றைப்படையில் இருந்தால் உள்ளே நைட்ரஜன் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். நைட்ரஜன் இருப்பது அக்ரிலோநைட்ரைலில். நூற்றேழு ஒற்றைப்படை!

வாயில் நுரையோடு கத்தினேன் போலிருக்கிறது. ரீட்டா கதவைத் தட்டினாள்.

சனிக்கிழமை எழுபதைப் பதினைந்தாகக் குறைத்தேன். குறைத்தால் கோடுகளும் குட்டையாகிவிடும், பெருக்கியை முழுக்கத் திருக வேண்டும். முதலில் பழைய ரப்பர். காகிதம் மெல்ல நகர்ந்து வந்தது. குப்பை எல்லாம் காணாமல் போயிருந்தது. ஐம்பத்து மூன்று, ஐம்பத்து நான்கு, பிறகு வெறும் வெளி, பிறகு நூற்றேழு. நிமிர்ந்து, தனியாக, சுத்தமாக நின்றது. நூற்று அறுபத்தொன்றிலும் ஒரு கோடு. இரண்டு பியூட்டடையீனும் ஒரு அக்ரிலோநைட்ரைலும் சேர்ந்த மூன்று.

அடுத்து புதிய ரப்பர். அன்றும் கூட வந்திருந்த ரீட்டா, போன வாரம் வாங்காமல் விட்ட செருப்பின் பேச்சையே எடுக்காமல் காகிதத்தின் மேல் குனிந்து நின்றாள். நூற்றெட்டு நெடுநெடுவென்று வந்தது. நூற்றேழு இருக்க வேண்டிய இடத்தில் சுண்டுவிரல் நகமளவு ஒரு குட்டைக் கோடு.

"இல்லையே!" என்று ரீட்டா தமிழில் கத்தினாள்.

மூன்று முறை திரும்ப ஓட்டினேன். மூன்று முறையும் அதே குட்டை. ஹெல்கா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு எங்கள் மூன்று பேருக்கும் அவரே காபி போட்டார். ஹெல்கா காபி போட்டு நான் பார்த்தது அன்றுதான். ஒரு மூலக்கூறுக்குப் பக்கத்தில் எது இருந்தது என்பதை, அது அறுந்து பறந்த பிறகு, கண்ணால் பார்த்துவிட்டேன். இந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய இன்பம் எனக்குத் தெரியாது.

5

உடனே அறிக்கை எழுத உட்கார்ந்தேன். 'இழை அறுவதற்கு இந்த ரப்பரே காரணம்' என்று முதல் வரி எழுதினேன். ஹெல்கா அதைப் பென்சிலால் அடித்தார்.

"இயந்திரம் உன்னிடம் அதைச் சொன்னதா?"

"இல்லை."

"என்ன சொன்னது?"

"இரண்டும் ஒரே சரக்கு இல்லை. பழையதில் இரண்டு வகையும் ஒரே சங்கிலியில் கலந்திருக்கிறது. புதியதில் பெரும்பகுதி வெறும் பியூட்டடையீன் சங்கிலி, தனியாக."

"அதை மட்டும் எழுது."

முடிவு கேட்பதற்காக அன்று மாலை அண்ணன் ஒரு தீப்பெட்டி ஆபீஸிலிருந்து எங்கள் வீட்டுக்கு டிரங்க் கால் போட்டுக் காத்திருந்தான். ரீட்டாதான் முதலில் எடுத்தாள். "ஏட்டி மருமவளே, நல்லா இருக்கியா?" என்ற குரல் எனக்கே கேட்டது. அவள் "யா, யா" என்று சொல்லிவிட்டு என்னிடம் தந்துவிட்டாள். மாமாவிடம் என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். மறுமுனையில் அவன் துள்ளிய துள்ளல் ஏழு கடல் தாண்டிக் கேட்டது. "அப்படிச் சொல்லு! நான் அப்பவே சொன்னம்லா! ரப்பராலதான் இழை அறுகுதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிரு."

"அண்ணே, அதை எழுத முடியாது. ரப்பர் வேற வேறன்னுதான் எழுத முடியும். இழை எதனால அறுகுதுன்னு நான் பார்க்கலியே."

"ஏட்டி, என் வேலை போகப்போகுது. ஒரு வரி. ஒரே ஒரு வரி. அதை எழுதுததுக்கா ஒனக்குக் கை வரல?"

"பார்க்காததை எழுதுனா, பார்த்ததையும் நம்ப மாட்டாங்கண்ணே."

"சரி. வைக்கேன்" என்றான். அவன் அப்படி வைத்தது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை.

அறிக்கையை ஜெர்மனில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று தட்டச்சு செய்தேன். தமிழில் மூன்று பக்கம் கையால் எழுதினேன். காகிதங்களின் நகலில் நூற்றேழைச் சிவப்பு மையால் வட்டமிட்டு அனுப்பினேன். அப்புறம் ஏழு வாரம் ஊரிலிருந்து ஒரு வரிகூட வரவில்லை. ஒரு வரி எழுதியிருக்கலாமோ என்று எத்தனையோ முறை நினைத்தேன்.

6

மே மாதம் ஒரு கேசட் வந்தது. எங்கள் வீட்டில் கடிதம் எழுத அலுப்பு வந்தால் பேசி அனுப்புவது வழக்கம். சமையலறை மேஜையில் டேப் ரெக்கார்டரை வைத்து நானும் கணவரும் ரீட்டாவும் சுற்றி உட்கார்ந்தோம். அண்ணன் குரல் தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தது.

"பிலோ, அன்னைக்குக் கோவத்துல வச்சிட்டேன். மனசுல வச்சுக்கிடாத. நீ எழுதுன தமிழு மூணு பக்கத்தையும் நாலு நாளு படிச்சேன். ரப்பரு வேறன்னு மட்டுந்தான எழுதியிருக்கா, அப்ப மிச்சத்தை நாமதான் காமிக்கணும்னு தோணுச்சு. என்கொயரியில மேனேஜர் ஒன் பேப்பரைப் புரட்டிப் புரட்டிப் பாத்தாரு. இதுல ரப்பரால அறுகுதுன்னு எங்க போட்டிருக்குன்னு கேட்டாரு. போடல சார், எந்தங்கச்சி பாக்காததைப் போட மாட்டா, நீங்க பாருங்கன்னேன்."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

பிறகு அவன் சொன்னது இதுதான். மில் ஃபிட்டர் வேலுச்சாமி அண்ணாச்சி, கழற்றிய பழைய ரப்பர் ஒரு பெட்டி நிறைய வைத்திருந்தார். அதை மேல்பரப்பு சமமாகும்படி சாணை பிடித்து அண்ணனுடைய இயந்திரத்தின் ஒரு பக்கம் முழுக்க மாட்டினார். மறுபக்கம் புதிய ரப்பரே இருந்தது. அந்தப் பக்கத்துக்கு மில்லிலேயே கெட்டிக்கார சைடர் ஒருவரை நிறுத்தினார்கள். ஒரே பஞ்சு, ஒரே ஷிப்ட். அறுந்த இழைகளைக் கிளார்க் ஒருவர் நின்று எண்ணினார்.

"மூணு நாளு என் பக்கம் அலுங்காம ஓடுச்சு. அவரு பக்கம் ஓடி ஓடி ஒட்டுதாரு. ஒடனே மேனேஜர், நீ இப்பதான் ஒழுங்கா வேலை பாக்கேன்னு சொன்னாரு. நான் சொன்னேன், சார், அப்ப ஆளை மாத்துங்க. அவரு இங்கன வரட்டும், நான் அங்கன போறேன்னு. மாத்துனாவ. பிலோ, அந்தப் பக்கம் போன அரை மணி நேரத்துல எனக்கு வேட்டி நனைஞ்சு போச்சு. பஞ்சு அப்படிச் சுத்துது! நான் பழைய எடத்தைத் திரும்பிப் பாக்கேன், அவரு கையைக் கட்டிக்கிட்டு நின்னு வெத்தலை மெல்லுதாரு!"

டேப்பில் அவன் சிரித்த சிரிப்பில் நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். ஆளை மாற்றிப் பார்! இதை எனக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கப் பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் ஆனது. ஐந்தாம் வகுப்போடு நின்ற என் அண்ணன் தானாகவே கேட்டிருக்கிறான். இயந்திரத்தில் நூற்றேழைக் கண்ட அன்றைக்குக்கூட எனக்கு உடம்பு இப்படிச் சிலிர்க்கவில்லை.

மூன்று மெமோவையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். புதிய ரப்பர் மொத்தமும் விற்றவர்களுக்கே திரும்பிப் போனது. மேனேஜர் வருத்தம் தெரிவிக்கவில்லை. அந்தக் காகித நகலில் ஒன்று தனக்கு வேண்டும் என்று மட்டும் கேட்டாராம்.

கேசட்டின் மறுபக்கத்தில் பதில் பேசி அனுப்ப வேண்டும். ரீட்டா நாங்கள் இல்லாத நேரத்தில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எதையோ பேசிப் பதிவு செய்தாள். எந்த மொழியில் என்று நான் கேட்கவில்லை.

7

ஜூலையில் மூன்று வாரம் லீவு கிடைத்தது. ஊருக்குப் போனோம். அண்ணன் ஒரு மத்தியானம் என்னையும் ரீட்டாவையும் மில்லுக்குக் கூட்டிப்போனான். ஷிப்ட் மாறுகிற நேரம். உள்ளே அனல், இரைச்சல், எல்லார் தலையிலும் வெள்ளைப் பஞ்சு. வேலுச்சாமி அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் நானும் கும்பிட்டேன்.

ஸ்டோர் ஜன்னலைத் தாண்டும்போது, எங்களை யாரென்றே தெரியாத ஒரு தொழிலாளி புது ரப்பர் குழல்கள் அடங்கிய பெட்டியை வாங்கிக்கொண்டிருந்தார். மூடியைத் திறந்து, ஒன்றை எடுத்து அழுத்திப் பார்த்து, "அண்ணாச்சி, இது நூத்தியேழுதான?" என்று கேட்டார்.

"நூத்தியேழுதான்டே. கொண்டு போ" என்றார் ஸ்டோர்க்காரர்.

ஜன்னல் அருகே போய், "அண்ணாச்சி, நூத்தியேழுன்னா என்ன?" என்று கேட்டேன்.

அவர் ரிஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நல்ல ரப்பருக்கு அதாம்மா பேரு. ஜெர்மனிக்காரன் எவனோ வச்ச பேரு."

அண்ணன் என் தோளுக்கு மேலாக எட்டி, ஜன்னல் கம்பியைத் தட்டினான்.

"ஜெர்மனிக்காரன் இல்ல, அண்ணாச்சி. பசுவந்தனைக்காரி. இங்கனதான் நிக்கா, தலையைத் தூக்கிப் பாருங்க."